பிளவும் துண்டாடலும்

ஒரு செயலைக் குறிக்க ஒரு மொழியில் பல சொற்கள் இருக்குமாயின், அதனை அம்மொழியின் வளம் என்று பாராட்டி அமைவது எளிது. அச்சொற்கள் ஏன் பலவாயின என்று வினவுவதே பயனுடையது. ஒன்று பலவாதலைச் சுட்டத் தமிழில் பகுத்தல், வகுத்தல், பிரித்தல், பிளத்தல், துண்டாடல் எனச் சொற்கள் பல வழங்குகின்றன. இவற்றுள் முதல் நான்கும் இலக்கணத்திலும் கணிதத்திலும் அறிவியலிலும் தத்தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளன. ஐந்தாவதாகிய துண்டாடலோ, மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் ஒரு வரலாற்றுச் சொல்லாக நிலைபெற்றது. கிள்ளானை அடுத்த காப்பார் போன்ற தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியோர்க்கு அச்சொல்லின் பொருளை அகராதி கொண்டு விளக்கவேண்டுவதில்லை.

பழமையால் முற்பட்டது இலக்கணமாதலின் அதிலிருந்து தொடங்குதல் தகும். ‘பகு’ என்னும் வேரினின்று பகுதி, பகல், பகை ஆகிய சொற்கள் கிளைத்தன. காலத்தை இரவினின்று பகுப்பது பகல். மனத்தை மனத்தினின்று பகுப்பது பகை. நுகத்தடியை இருபாலாகப் பகுத்து நடுவே நிற்கும் ஆணியையும் பகல் என்றே பட்டினப்பாலை வழங்குகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சொற்களைப் பகுபதம் என்றும் பகாப்பதம் என்றும் இருவகைப்படுத்தினார். ‘செய்தான்’ என்பதனைச் செய், த், ஆன் எனப் பகுக்கலாம். ஒவ்வோர் உறுப்பும் தன் கடமையைச் சொல்லும். பகாப்பதத்தைப் பகுத்தாலோ ஓசை எஞ்சுமேயன்றிப் பொருள் எஞ்சாது. பகாப்பதத்திற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ‘நிலம்’ என்பதும் ஒன்று. இதனை நினைவிற் கொள்ளுதல் பின்னர்ப் பயன்தரும்.

கணிதம் இதே வேரினின்று பகா எண் என்னும் கலைச்சொல்லை ஆக்கிக்கொண்டது. பங்கிடும் செயலுக்கு வகுத்தல் என்னும் சொல்லைக் கொண்டது. பன்னிரண்டை நான்கால் வகுத்தால் மும்மூன்றாக நான்கு கூறுகள் கிடைக்கும். அவற்றை மீண்டும் கூட்டினால் பன்னிரண்டே வரும். கூறுகளின் தொகை முழுமைக்கு நிகர் என்பது கணிதத்தின் உறுதிப்பாடு. வகுத்தலால் எதுவும் குறைவதில்லை.

உயிரியலில் பிளவு என்பது பெருக்கத்தின் பெயர். பாக்டீரியம் ஒன்று இரண்டாகப் பிளக்கும்போது தாய் மறைந்து சேய்கள் இரண்டு தோன்றுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் இதற்கு நெருங்கிய காட்சி ஒன்றை நாள்தோறும் கண்டும் கேட்டும் வளர்ந்தனர். ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்த இரப்பர் மரத்தின் காய் மூன்று அறைகளை உடையது. முற்றி உலர்ந்ததும் அது ஓசையுடன் வெடித்துப் பிளந்து, புள்ளியிட்ட விதைகளைத் தொலைவில் எறியும். அப்பிளவு அழிவன்று, அடுத்த மரத்தின் தொடக்கம்.

இவ்வுயிரியற் சொல்லே இயற்பியலுக்கும் சென்றது என்பது சொல்வரலாற்றின் சுவையான பகுதியாகும். 1938-ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கி, பேரியம் தோன்றக் கண்டனர். நாஜி ஆட்சியினின்று தப்பிச் சுவீடனில் தஞ்சமடைந்திருந்த லீசே மைட்னரும், அவருடைய சகோதரியின் மகன் ஓட்டோ பிரிஷும் அதன் காரணத்தை ஆராய்ந்து, அணுக்கரு இரண்டாகப் பிளந்தது என்று தெளிந்தனர். கோபன்ஹேகனுக்குத் திரும்பிய பிரிஷ், அங்கிருந்த அமெரிக்க உயிரியலார் வில்லியம் ஆர்னல்டிடம், உயிரணு இரண்டாவதற்கு உங்கள் துறையில் வழங்கும் பெயர் யாது என்று வினவினார். ஆர்னல்டு கூறிய சொல்லையே 1939-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையில் அணுக்கருவிற்கும் சூட்டினார். தமிழில் அது அணுக்கருப் பிளவு என வழங்குகின்றது. மலாய் மொழியிலும் ‘பெம்பெலாஹான்’ என்னும் ஒரே சொல் உயிரணுவிற்கும் அணுக்கருவிற்கும் பொதுவாக நிற்கின்றது. சிலாங்கூர் மண்ணிலேயே, பாங்கியில் உள்ள ஆய்வு அணுவுலையில் 1982-ஆம் ஆண்டு முதல் இப்பிளவு நிகழ்த்தப்பட்டு வருகின்றது.

சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. யுரேனியக் கரு பிளந்தபின் கிடைக்கும் கூறுகளை எடையிட்டுக் கூட்டினால், முதலில் இருந்த எடை வருவதில்லை. ஏறத்தாழ ஒரு புரோட்டானின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றது. அக்குறைவே ஆற்றலாக வெளிப்படுகின்றது என்று மைட்னர் கணக்கிட்டுக் காட்டினார். கூறுகளின் தொகை முழுமைக்கு நிகராகாத பிளவும் உலகில் உண்டு என்பதும், குறைந்தது எங்கே போயிற்று என்று தேடுவதே அறிவின் கடமை என்பதும் இதனால் பெறப்படும்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு மலாயாத் தோட்டங்களின் வரலாற்றிற்கு வருவோமாயின், துண்டாடல் என்னும் சொல்லின் ஆழம் விளங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும், 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தின்போதும், 1957-ஆம் ஆண்டு விடுதலையை ஒட்டியும், நாட்டின் எதிர்காலம் குறித்து ஐயுற்ற ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கலாயினர். அவற்றை வாங்கிய இடைத்தரகர் குழுக்கள், பெருந்தோட்டத்தைச் சிறுசிறு மனைகளாக அறுத்துப் பலருக்கு விற்று இலாபம் கண்டன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இம்மாற்றத்தைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து நூலாக வெளியிட்டார்.

நில அளவையாளரின் ஏட்டில் இது வெறும் உட்பிரிவு. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் இத்தகைய செயலை மலாயில் ‘பெச்சா செம்படான்’, அஃதாவது எல்லையை உடைத்தல், என்று குறிக்கின்றது. அளவையாளரின் கணக்கில் பிழை ஏதுமில்லை. ஆயிரம் ஏக்கரை நூறு கூறாக்கினாலும் கூறுகளைக் கூட்டினால் ஆயிரம் ஏக்கரே வரும். ஆயினும் தோட்டம் என்பது ஏக்கர்களின் தொகை மட்டுமன்று. இரப்பர்க்காடு, பாலைத் தகடாக்கும் ஆலை, தொழிலாளர் குடியிருந்த லயங்கள், குடிநீர்க் குழாய், மருந்தகம், பிள்ளை மடுவம், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய யாவும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அமைப்பே தோட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாது உள்ள தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது, பெருந்தோட்டம் என்னும் ஓர் உடைமையை நம்பியேயாகும். பத்து ஏக்கர் வாங்கியவன் மரங்களை வாங்கினான்; பள்ளியை வாங்கவில்லை. கோயில் எவனுடைய கூற்றிலும் அடங்கவில்லை. தானே பால் வெட்டிக்கொள்ளவோ குத்தகைக்கு விடவோ முனைந்த சிற்றுடைமையாளனுக்குப் பழைய தொழிலாளர் தேவைப்படவுமில்லை. வேலை இழந்தவன் லயத்து வீட்டையும் அதனுடன் இழந்தான்.

இக்குறைவு எந்த அளவை ஏட்டிலும் பதிவாகவில்லை. அதைப் பதிவு செய்தது மக்களின் சொல். அவர்கள் பகுப்பு என்று கூறவில்லை. பகுத்தலில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு உண்டு. பாகப்பிரிவினை என்றும் கூறவில்லை, அது உடன்பிறந்தார்க்குரியது. பிளவு என்பதும் பொருந்தவில்லை. காய் தானே பிளக்கும், பாறையும் தானே பிளக்கும். துண்டாடல் என்பதற்குத் துண்டாடுபவன் ஒருவன் வேண்டும். துண்டிக்கப்படும் உடல் ஒன்றும் வேண்டும். செய்தவனையும் பட்டவரையும் ஒருங்கே சுட்டுவதால் அச்சொல் நிலைத்தது. இலக்கண மரபில் கூறின், தோட்டம் ஒரு பகாப்பதம். அதனைப் பகுத்தவர்க்கு ஏக்கர்கள் எஞ்சின, பொருள் எஞ்சவில்லை.

துண்டாடலுக்கு மாற்றாக எழுந்தது கூட்டுறவு என்பதும் கருதத்தக்கது. 1960-ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு, கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தை அது முதலில் வாங்கியது. பல கூறுகள் சேர்ந்து ஒரு தோட்டத்தைத் துண்டுபடாமற் காத்தமை வகுத்தலுக்கு எதிரான கணக்காகும். பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 214அ பிரிவு, தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதற்கு ஒரு வாரியத்தின் இசைவை வேண்டியது. ஆனால் அதற்கு முன்னரே துண்டாடப்பட்டவை மீண்டும் ஒன்றாகவில்லை.

எனவே, கலைச்சொல் ஆக்குவோரும் கற்பிப்போரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். ஒன்று பலவாகும் நிகழ்ச்சி ஒவ்வொன்றிலும், முழுமையில் இருந்து கூறுகளில் இல்லாதது யாது என்று வினவவேண்டும். இலக்கணத்தில் அது பொருள்; இயற்பியலில் ஆற்றல்; தோட்டத்தில் மக்களின் வாழ்வு. காப்பார் வட்டாரத்தில் வலம்புரோசா, ஜாலான் ஆக்கோப் என்னும் தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளின் வகுப்பறைகளில் பகுபதமும் பகாப்பதமும் கற்பிக்கும் ஆசிரியர், மூன்றாவதாகத் துண்டாடல் என்னும் சொல்லையும் கரும்பலகையில் எழுதுவாராயின், மாணவர் தம் பாட்டன் பாட்டியின் வரலாற்றை இலக்கண வகுப்பிலேயே கற்றவராவர்.