தண்டுவட மரப்பு நோய்க்கான மருந்துகள்

தண்டுவட மரப்பு நோய் அல்லது மல்டிபிள் ஸ்களீரோசிஸ் என்பது மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் நாட்பட்ட நோய் ஆகும். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைச் சிதைப்பதால் இந்நோய் உண்டாகிறது. பார்வை மங்குதல், கை கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், மிகுந்த களைப்பு ஆகியன இதன் அறிகுறிகளாகும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனினும் 1993 முதல் வந்துள்ள மருந்துகள் நோயின் போக்கைக் கட்டுப்படுத்துகின்றன.

மருந்துகளின் வளர்ச்சி

அறிகுறிகள் திடீரெனத் தீவிரமடையும்போது ஸ்டீராய்டு மருந்துகள் தரப்படுகின்றன. இவை அத்தாக்குதலின் காலத்தைக் குறைக்குமேயன்றி அடுத்த தாக்குதலைத் தடுப்பதில்லை. 1993 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்டர்ஃபெரான் பீட்டா-1பி என்னும் ஊசிமருந்து, தாக்குதல்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பின்னர் அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதன்மையான மருந்துகள் பின்வருமாறு:

* 1996 - கிளாட்டிரமர் அசிட்டேட், ஊசிமருந்து.
* 2004 - நட்டாலிசுமாப்; ஆற்றல் மிக்கது. சிலருக்கு அரிய மூளைத்தொற்று ஏற்பட்டதால் 2005 இல் நிறுத்தப்பட்டு, 2006 இல் கண்காணிப்புடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.
* 2010 - ஃபிங்கோலிமாட். இந்நோய்க்கு அங்கு ஒப்புதல் பெற்ற முதல் வாய்வழி மருந்து.
* 2013 - டைமெத்தில் ஃபியூமரேட், வாய்வழி மருந்து.
* 2017 - ஒக்ரெலிசுமாப்; தொடக்கம் முதலே படிப்படியாக முற்றும் வகைக்கு ஒப்புதல் பெற்ற முதல் மருந்து.

சிதைந்த நரம்பிழைகளை மருந்துகளால் மீட்க இயலாது. ஆகவே சிகிச்சையை விரைவில் தொடங்குவது இன்றியமையாதது.

இந்தியாவில்

மருந்துகளின் விலையே பலருக்குத் தடையாக உள்ளது. இதற்கு மாற்றாக ரிட்டுக்சிமாப் பயன்படுத்தப்படுகிறது. நிணநீர்ப் புற்றுநோய்க்கென உருவான இம்மருந்து, பி வகை வெள்ளணுக்களை அழிக்கிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007 இல் இதன் ஒப்பு மருந்தை வெளியிட்டது. 2022 இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் ரிட்டுக்சிமாப் பெற்றோருள் 3 விழுக்காட்டினருக்கும், டைமெத்தில் ஃபியூமரேட் பெற்றோருள் 16 விழுக்காட்டினருக்கும் தாக்குதல் மீண்டும் ஏற்பட்டது. 2023 இல் உலக சுகாதார அமைப்பு ரிட்டுக்சிமாப், கிளாட்டிரமர், கிளாட்ரிபின் ஆகிய மூன்றையும் இந்நோய்க்கான இன்றியமையா மருந்துகளாகப் பட்டியலிட்டது.

ரிட்டுக்சிமாப் பெரும்பாலும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சிரைவழியே செலுத்தப்படுகிறது. பெருநகரங்களிலிருந்து விலகியுள்ள தர்மபுரி போன்ற மாவட்டங்களின் நோயாளிகளுக்கு இது பயண எண்ணிக்கையைக் குறைக்கக்கூடியது. எனினும் இம்மருந்து தொற்று வாய்ப்பைக் கூட்டுவதால், முன்னதாகக் கல்லீரல் அழற்சி பி உள்ளதா எனச் சோதித்தல் கட்டாயமாகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்றுள்ள 21 வகைக் குறைபாடுகளுள் இந்நோயும் ஒன்றாகும்.