பெயர் சொல்லாமல் துப்பு: டெக்சஸில் பணம் எங்கிருந்து வருகிறது?

குற்றவாளி யாரென்று தெரிந்தும், பழிவாங்குவார்களோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தைப் போக்க உருவானதே ‘கிரைம் ஸ்டாப்பர்ஸ்’. 1976-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகர்க்கி நகரில் பெட்ரோல் நிலைய ஊழியர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் துப்பு கிடைக்காததால், போலீஸ் துப்பறிவாளர் கிரெக் மெக்கலீஸ் இதைத் தொடங்கினார்.

டெக்சஸ் மாநிலம் 1981-இல் இதற்கென ஒரு மன்றத்தையே சட்டப்படி அமைத்தது. அங்கே உள்ளூர்த் திட்டங்களைப் பொதுமக்கள் அடங்கிய இலாப நோக்கமற்ற குழுக்கள் நடத்துகின்றன.

நிதி: தண்டிக்கப்படுவோர் கட்டும் நீதிமன்றக் கட்டணத்தில் ஒரு பகுதி மாநிலத்தின் தனிக் கணக்கில் சேர்கிறது. ஒதுக்கப்படும் தொகையில் 10 விழுக்காட்டை இலவசத் தொலைபேசிச் சேவைக்குப் பயன்படுத்தலாம். மீதி உள்ளூர்க் குழுக்களுக்கு மட்டுமே. நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்படுபவர் 50 டாலர் வரை இத்தகைய குழுவுக்குச் செலுத்தவும் நீதிபதி உத்தரவிடலாம்.

இரகசியம்: துப்பு கொடுப்பவரிடம் பெயர் கேட்பதில்லை, ஓர் எண் தரப்படும். கைது நடந்தால் அந்த எண்ணைச் சொல்லி வெகுமதி பெறலாம். அவரை அடையாளம் காட்டும் பதிவுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த நம்பிக்கை போனால், எவ்வளவு மானியம் வந்தாலும் யாரும் அழைக்கமாட்டார்கள்.