மருந்து நானோ தொங்கல் நிலைப்படுத்தல்

நீரில் அரிதாகவே கரையும் மருந்தை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களாக்கி, அவை திரளாமலும் வளராமலும் காக்கும் மருந்தாக்க முறை.

அரைக்க அரைக்கப் புறப்பரப்பு கூடும். மருந்து விரைந்து கரையும். கூடவே பரப்பாற்றலும் ஏறுவதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். சிறு துகள் கரைந்து பெருந்துகள்மேல் படிவது ஆஸ்ட்வால்ட் முதிர்வு, இதுவே பெருந்தலைவலி.

போலோக்சமர், ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் போன்ற பாலிமர்கள் துகளைச் சுற்றி வேலியாகின்றன. சோடியம் லாரில் சல்பேட் எதிர்மின்சுமையேற்றி விலக்குகிறது. 2003இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற வாந்தித்தடுப்பு மருந்தான அப்ரெபிடன்ட்டில் செல்லுலோஸும் சல்பேட்டும் இரண்டுமே உண்டு. உணவோடு உண்டால்தான் நன்கு உட்கிரகிக்கப்படும் என்ற அதன் குறையை நானோ வடிவம் நீக்கியது.

எச்.ஐ.வி.க்கான ரில்பிவிரின் நீள்செயல் ஊசியில் போலோக்சமர் 338 காவல். குப்பியை 2–8 டிகிரி செல்சியஸில் வைத்து, போடுமுன் பலமாகக் குலுக்க வேண்டும்.