ஐந்து பேர், ஓராண்டு, ஒரு குடும்பம்

நாடிழந்து வந்தவரைக் குறிக்கத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. 'அகதி' என்றால் கதியற்றவர், போக்கிடம் இல்லாதவர். 'ஏதிலி' ஈழத்தவர் பெரிதும் ஆளும் சொல். வள்ளுவர் அயலாரைக் குறிக்க ஆளும் 'ஏதிலார்' என்பதன் உறவு இது. முதற்சொல் வந்தவரின் நிலையைச் சொல்கிறது. இரண்டாவது சொல் அவருக்கும் நமக்கும் உள்ள தொலைவைச் சொல்கிறது. போக்கிடம் இல்லாதவருக்கு ஓர் அரசு கையெழுத்திட்டு இடம் கொடுத்துவிடலாம். அயலாரை அறிந்தவராக்கும் வேலையை எந்தக் கையெழுத்தும் செய்துவிடாது. அதை யார் செய்வது, எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு அண்மைக்கால வரலாறு தந்திருக்கும் விடைகளுள் கனடாவின் விடை நாம் ஊன்றிப் பார்க்கத்தக்கது.

1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தபின் வியட்நாமிலிருந்து மக்கள் படகேறத் தொடங்கினர். 1978 நவம்பரில் ஹாய் ஹாங் என்னும் பழைய சரக்குக் கப்பல் சுமார் 2,500 பேருடன் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் நின்றது. மலேசியா இறங்க விடவில்லை. அந்தக் காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. கனடா அவர்களுள் ஏறத்தாழ 600 பேரை ஏற்றது.

அதே 1978 ஏப்ரலில்தான் கனடாவின் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதில் அப்போது பலரும் கவனிக்காத ஓர் ஏற்பாடு இருந்தது. வயது வந்த ஐந்து பேர் சேர்ந்தோ, ஒரு தேவாலயமோ சங்கமோ, ஓர் அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்கலாம். வீடு, உணவு, உடை, வழிகாட்டல் அனைத்தும் ஓராண்டுக்கு அவர்கள் கடமை. தேர்வும் நுழைவு அனுமதியும் அரசின் கடமை. 1979 மார்ச்சில் மென்னோனைட் கிறித்தவர்களின் மத்தியக் குழு அரசோடு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அவர்கள் முந்தியதில் வியப்பில்லை. 1920களில் சோவியத் ஆட்சியிலிருந்து தப்பிக் கனடாவுக்கு வந்த சுமார் 20,000 மென்னோனைட்டுகளின் பிள்ளைகளும் பேரர்களும் அந்தச் சபைகளில் இருந்தனர்.

அவ்வாண்டு ஜூன் இறுதியில் இருவேறு நகரங்களில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. டொராண்டோவில் தத்துவப் பேராசிரியர் ஹோவர்ட் அடெல்மன் தம் வீட்டுக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்தார். ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்கலாமா என்று பேசத் தொடங்கியது சில வாரங்களில் 'ஆபரேஷன் லைஃப்லைன்' என்ற பெயரில் நாடெங்கும் கிளை பரப்பியது. தலைநகர் ஒட்டாவாவில் மேயர் மாரியன் டூவரிடம், அரசு ஏற்கவுள்ள 8,000 பேரில் 4,000 பேர் வந்துவிட்டனர் என்றார்கள். எஞ்சிய 4,000 பேரையும் எங்கள் நகரமே ஏற்கும் என்றார் அவர். ஜூலை 12 அன்று அவர் கூட்டிய பொதுக்கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தனர். ஜூலை 18 அன்று ஜோ கிளார்க்கின் அரசு, 1980 முடிவதற்குள் 50,000 பேரை ஏற்பதாக அறிவித்தது. குடிமக்கள் பொறுப்பேற்கும் ஒவ்வோர் அகதிக்கும் ஈடாக அரசும் ஒருவரை ஏற்கும் என்பது கணக்கு.

அரசின் இந்தத் துணிவுக்குப் பின்னால் எழுத்தின் பங்கும் இருந்தது. இர்விங் அபெல்லா, ஹெரால்ட் ட்ரோப்பர் என்னும் இரு வரலாற்றாசிரியர்கள், நாஜிகளிடமிருந்து தப்ப முயன்ற யூதர்களுக்குக் கனடா கதவடைத்த கதையை அப்போது எழுதிக்கொண்டிருந்தனர். 1933 முதல் 1945 வரை அந்தப் பெருநாடு ஏற்ற யூதர் 5,000 பேருக்கும் குறைவு. 1939இல் செயின்ட் லூயிஸ் கப்பலில் தவித்த 907 பேருக்கும் அது இடம் தரவில்லை. அவர்களுள் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமையில் மாண்டனர். 1982இல் நூலாக வெளிவந்த இந்த ஆய்வின் முன்வடிவம், 1979இல் குடிவரவு அமைச்சர் ரான் அட்கியின் கைக்குச் சென்றது. கதவடைத்த அமைச்சராக வரலாற்றில் நிற்க அவர் விரும்பவில்லை. ஆய்வுக் கட்டுரை ஒன்று உயிர்களைக் காத்த அரிய தருணம் இது.

1980 முடிவதற்குள் 60,000 பேர் வந்து சேர்ந்தனர். பாதிக்கும் மேற்பட்டோரை ஏற்றவர்கள் குடிமக்கள். அவர்கள் செய்த வேலை என்ன? குளிர்கால மேலங்கி வாங்கித் தந்தார்கள். பேருந்து ஏறும் விதம் சொன்னார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும், பல் மருத்துவரிடம் போகவும், வங்கிக் கணக்குத் தொடங்கவும் உடன்சென்றார்கள். அரிசியும் மீன்குழம்பும் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். வேலை தேடும்போது, 'இவரை எனக்குத் தெரியும்' என்று முதலாளியிடம் சொன்னார்கள். புது ஊரில் ஒருவருக்கு எல்லாவற்றையும்விட அரிதாகக் கிடைப்பது இந்த ஒரு வாக்கியம்தான்.

இதைத் தேவகதையாக்கிவிட வேண்டியதில்லை. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்ற நிலையில் உரசல்கள் எழாமல் இரா. செலவுக்குத் தரும் பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று சொல்ல வந்தவர்கள் உண்டு. ஞாயிறுதோறும் தம்மோடு தேவாலயத்துக்கு வருவார்கள் என எதிர்பார்த்தவர்கள் உண்டு. சிற்றூர்களில் குடியமர்த்தப்பட்ட பல குடும்பங்கள், தம் மொழி பேசுவோரைத் தேடி டொராண்டோ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. பொறுப்பேற்றவர்களுள் சிலர் மனம் வருந்தினர். ஆயினும், தமக்கு வேண்டிய இடத்துக்குத் தாமே பெயர்ந்து செல்ல ஒருவரால் முடிகிறதென்றால், உதவி தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்றுதான் நாம் கொள்வோம்.

உரசல்களைவிடக் கூர்மையான சிக்கல் வேறொன்று. 1979 டிசம்பரில், குடிமக்கள் எதிர்பார்த்ததற்கும் மேல் பொறுப்பேற்பதைக் கண்ட அரசு, ஈடுசெய்யும் தன் வாக்கிலிருந்து பின்வாங்கியது. மிகுதியாக வந்த கைகள் அரசின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. பொறுப்பேற்றவர்கள் கொதித்தனர். தம் உழைப்பால் கூடுதலாகச் சிலர் வருவார்கள் என்று நம்பியல்லவா அவர்கள் இறங்கினார்கள்! அடுத்து வந்த அரசு 1980 ஏப்ரலில் மேலும் 10,000 பேரைச் சேர்த்து ஓரளவு சரிசெய்தது. குடிமக்கள் கை நீட்டும்போது அரசு தன் கையைச் சுருக்கிக்கொள்ளும் ஆபத்து, அன்றுமுதல் இந்த ஏற்பாட்டோடு ஒட்டியே வருகிறது.

1986இல் அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் தன் நான்சென் பதக்கத்தைக் கனடா மக்கள் அனைவருக்குமாக வழங்கியது. ஒரு நாட்டு மக்கள் முழுமைக்கும் அது வழங்கப்பட்டது அந்த ஒரு முறைதான். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக் கிடந்த 155 ஈழத் தமிழரை, மீனவர் கஸ் டால்ட்டன் கண்டு மீட்டார். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்ன அவர்கள், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று தெரிந்ததும் நாளேடுகளில் சினம் எழுந்தது. பிரதமர் மல்ரூனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். டொராண்டோவிலும் மொன்ட்ரியாலிலும் முன்பே குடியேறியிருந்த தமிழர் அவர்களைத் தம்மிடையே ஏற்றுக்கொண்டனர். 2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் மேற்குக் கரையை அடைந்தபோது வரவேற்பு இன்னும் கடுமை. அவர்களுள் பெரும்பாலோர் பல மாதங்கள் காவலில் வைக்கப்பட்டனர்.

பதக்கத்தையும் படகையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று துலங்குகிறது. அழைத்து வந்தவருக்கு விமான நிலையத்தில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். அழையாது வந்தவருக்கு விசாரணை காத்திருந்தது. இருவர் விட்டு வந்த துயரமும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். ஐந்து பேரின் அன்பு உண்மையானது, ஆனால் அது யாரைச் சென்றடைய வேண்டும் என்பதை முடிவுசெய்தது ஒரு காகிதம்.

அக்காகிதத்தின் வலிமையை 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய ஆலன் குர்தி என்ற சிரியக் குழந்தையின் உடல் மீண்டும் உணர்த்தியது. கனடாவில் வாழ்ந்த அவன் அத்தை, ஐவர் குழு ஒன்றன் மூலம் தம் மற்றொரு சகோதரரின் குடும்பத்தை அழைக்க விண்ணப்பித்திருந்தார். அகதி என்பதற்கான சான்று இல்லையென அது திருப்பி அனுப்பப்பட்டது. ஐவர் குழுக்களுக்கு அந்தச் சான்றைக் கட்டாயமாக்கிய விதி 2012இல் வந்தது. குழந்தையின் படம் உலகைச் சுற்றிய சில நாட்களில், சிரியர்களுக்கும் ஈராக்கியர்களுக்கும் அவ்விதி தளர்த்தப்பட்டது. 2016 பிப்ரவரி முடிவதற்குள் 25,000க்கும் மேற்பட்ட சிரியர் வந்தனர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரைக் குடிமக்கள் குழுக்கள் ஏற்றன. டொராண்டோவில் 1979இன் பெயரை நினைவூட்டும்படி 'லைஃப்லைன் சிரியா' எழுந்தது. அதை முன்னின்று தொடங்கிய ரத்னா ஓமித்வார், அமிர்தசரசில் பிறந்து, ஈரானிலிருந்து வெளியேறிக் கனடாவுக்கு வந்தவர்.

1979இல் தொலைபேசியும் தேவாலய அறிவிப்புப் பலகையும் செய்த வேலையை இம்முறை முகநூலும் வாட்ஸப்பும் செய்தன. முன்பின் அறியாத ஐவர் இணையத்தில் கூடிக் குழுவாயினர். யார் எந்த நாளில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்பது இணையத்தில் பகிர்ந்த அட்டவணையில் ஏறியது. அகதிகளும் தமக்குள் குழுக்கள் அமைத்து அரபியில் செய்தி பரிமாறினர். கருவி மாறியது, வேலை மாறவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரவு 11 மணிக்கு வரும் செய்தியைத் தொலைபேசி கொண்டுவந்து சேர்க்கும். காரை எடுத்துக்கொண்டு புறப்பட ஓர் ஆள் வேண்டும்.

2024 நவம்பர் இறுதியில் கனடா அரசு, நிலுவை மலிந்துவிட்டதென்று சொல்லி, ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திவைத்தது. முன்பு ஆள் போதவில்லை என்றார்கள், இப்போது ஆட்கள் காத்திருக்க, கதவு சாத்தப்பட்டது.

இதை வாசிக்கும் நாம் கனடாவைப் புகழ்ந்தோ பழித்தோ நகர்ந்துவிட இயலாது. அந்த உயிர்காப்புப் படகுகளில் இருந்தவர்களின் சுற்றத்தார் 1983 முதல் இராமேசுவரம் கரையில் வந்து இறங்கினர். முகாம்களிலேயே பிறந்து, முகாம்களிலேயே மணமுடித்த தலைமுறைகள் இன்று நம் மாநிலத்தில் உள்ளன. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஒரே மொழி பேசுவோர்தாம். ஆயினும் முகாமுக்கு வெளியே வாழும் ஐந்து பேர் கூடி, முகாமில் உள்ள ஒரு குடும்பத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்வதற்கான சட்டவழி எதுவும் இங்கே இல்லை. இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச்சட்டமே இல்லை. சட்டம் வரும்வரை, நம் ஊருக்கு அருகில் உள்ள முகாமில் ஒரு குடும்பத்தின் பெயராவது நமக்குத் தெரியுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். பெயர் தெரிந்துவிட்டால் ஏதிலார் என்ற சொல்லில் முதல் விரிசல் விழுந்துவிடும்.