கடற்சேற்றில் புரண்ட திசைகாட்டி

இன்று கோவாவில் இயங்கும் தேசியக் கடலியல் நிறுவனம் 1966 ஜனவரி 1 அன்று புது தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் விளைவு அது. புவிக்காந்தத்தின் வரலாற்றுக்கும் அப்பயணம் முதன்மையான சான்றொன்றை அளித்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

1906இல் பெர்னார் புரூன் பிரான்சிலும், 1929இல் மொட்டொனோரி மட்டுயாமா ஜப்பானிலும், இன்றைய புலத்துக்கு எதிராகக் காந்தமேறிய எரிமலைப் பாறைகளை விவரித்தனர். புரண்டது புவியின் புலமா, பாறையின் இயல்பா? 1950களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஹருணா எரிமலைப் பாறை ஆய்வகத்தில் தானாகவே எதிர்த்திசையில் காந்தமேறியபோது ஐயம் வலுத்தது.

1962இல் அப்பயணத்தின் பகுதியாக, ஓவன் என்னும் பிரித்தானியக் கப்பல் அரபிக்கடலுக்குத் தெற்கே நீளும் கார்ல்ஸ்பெர்க் கடலடி முகட்டின் காந்தப்புலத்தை அளந்தது. அவ்வளவீடுகளைக் கொண்டு ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூசும் 1963இல் ஒரு கருதுகோளை முன்வைத்தனர்: கடற்றரை விரிகையில் ஒவ்வொரு புரள்வும் அதில் ஒரு பட்டையாகப் பதிகிறது. பலர் அதை ஏற்கவில்லை.

பாறையைச் சாராத சாட்சி தேவைப்பட்டது. அது கடலடிப் படிவில் இருந்தது. நுண்ணிய மாக்னடைட் துகள்கள் அன்றைய புலத்தின் திசையில் அமைந்து சேற்றோடு இறுகுகின்றன. எரிமலை விட்டுவிட்டுப் பேசும்; படிவோ பெரும்பாலும் இடைவிடாது பதியும்.

1966இல் நீல் ஒப்டைக் குழுவினர் அண்டார்க்டிகக் கடலின் படிவு உருளைகளை ஆராய்ந்தனர். உருளை மேலே வரும்போது அதன் வடக்கு எதுவென்று தெரியாது. ஆனால் அங்கே புலம் ஏறத்தாழச் செங்குத்தானது. மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்று பார்த்தாலே போதும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய தென்னிந்தியக் கடல்களில் புலம் கிடையானது. உருளையின் திசை தெரியாவிடில் அங்கே நேர், எதிர் எனப் பிரிப்பது அரிது. எரிமலைப் பாறைகள் காட்டிய புரள்வு வரிசையையே அண்டார்க்டிகச் சேறும் காட்டியது. பாறை தானே புரண்டது என்னும் விளக்கம் இதற்குப் பொருந்தாது.

‘நேர்’ என்பதற்கு இன்றைய நிலை என்பதன்றி வேறு பொருளில்லை. அந்நிலை தொடங்கிய புரூன்–மட்டுயாமா எல்லைக்கு வயது சுமார் 7,73,000 ஆண்டுகள். தில்லியைக் கடக்கும் யமுனையின் வண்டலும் கங்கை வழியே வங்காள விரிகுடாவை அடைகிறது. அவ்விரிகுடாப் படிவுகளில் பருவமழையின் தொல்வரலாற்றுக்குக் காலம் கணிக்க உதவும் அளவுகோல்களுள் இவ்வெல்லையும் ஒன்று.