பின்புறமாக இறங்குதல்

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு சஞ்சிகையில்தான் முதலில் அந்தப் படத்தைப் பார்த்தேன். வாலை ஊன்றி, மூக்கை வானத்துக்குக் காட்டி நிற்கிற விமானம். படுக்க வேண்டிய பிளாக்கை அச்சகத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பக்கத்தில் ஆட்கள் நேராக நின்றுகொண்டிருந்தது பிறகுதான் கண்ணில் பட்டது.

கான்வேர் எக்ஸ்எஃப்ஒய்-1. செல்லப்பெயர் 'போகோ', குழந்தைகள் ஏறி நின்று குதிக்கும் ஸ்பிரிங் குச்சியின் பெயர். இரண்டாம் உலகப்போரில் சரக்குக் கப்பல் வரிசைகள் பட்ட பாட்டிலிருந்து பிறந்த யோசனை இது. விமானந்தாங்கிக் கப்பல்கள் எல்லா வரிசைக்கும் துணை போக முடியாது. ஆகவே சாதாரணக் கப்பலின் சின்னத் தளத்திலிருந்தே செங்குத்தாகக் கிளம்பி, அங்கேயே திரும்பி வந்து நிற்கும் ஒரு விமானம். 1951ல் அமெரிக்கக் கப்பற்படை கான்வேர், லாக்ஹீட் என்ற இரண்டு நிறுவனங்களிடம் இதை ஒப்படைத்தது. லாக்ஹீடின் கதையை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம்: அவர்களுடைய செங்குத்து விமானம் தற்காலிகச் சக்கரங்கள் மாட்டிக்கொண்டு கடைசிவரை ஓடுபாதையில் ஓடியே எழும்பியது.

போகோ நிஜமாகவே எழும்பியது. சுமார் 5,500 குதிரைசக்தி எஞ்சின். மூக்கில் எதிரெதிர்த் திசைகளில் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர்கள், ஒன்றின் முறுக்கலை மற்றது ஈடுசெய்ய. 1954ல் கலிபோர்னியாவில், ஆகாயக் கப்பல்களுக்காகக் கட்டிய மாஃபெட் ஃபீல்டின் பிரும்மாண்டக் கொட்டகைக்குள் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பழக்கினார்கள். ஓட்டியவர் கோல்மன், நிறுவனத்தின் சோதனை விமானி. அந்த வருஷம் ஆகஸ்ட் 1ல் கயிறில்லாமல். நவம்பர் 2ல் செங்குத்தாக எழுந்து, படுத்துப் பறந்து, மறுபடி நிமிர்ந்து, வாலில் இறங்கியது.

இறங்குதல் என்ற விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது. விமானம் நிமிர்ந்துவிட்டால் விமானி மல்லாந்த நிலையில் இருப்பான். கண்ணுக்கு முன்னால் வெறும் வானம். தரை முதுகுக்குப் பின்னால். ஆசனத்தை முன்பக்கம் சாயும்படி அமைத்தார்கள். சாய்ந்தும், தோளுக்கு மேலாகக் கழுத்தைத் திருப்பித்தான் தரையைப் பார்க்க வேண்டும். அதே சமயம் புரொப்பெல்லர்களின் இழுப்பை விமானத்தின் எடைக்கு ஒரு இம்மி குறைவாக வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் ஏறும், குறைந்தால் விழும். எத்தனை வேகத்தில் இறங்குகிறோம் என்பதைக் கண்ணால் கணிக்க முடியாமல் ரேடார் கருவியும் எச்சரிக்கை விளக்கும் பொருத்த நேர்ந்தது.

கோல்மனால் இது முடிந்தது. அதுவே திட்டத்துக்கு எதிரான சாட்சியமாகவும் ஆயிற்று. தேர்ந்த விமானிக்கே அமைதியான தரையில், பகலில் இத்தனை கஷ்டம் என்றால், ஆடுகிற கப்பலில் ராத்திரியில் சாதாரண விமானி என்ன செய்வான்? இந்தக் கேள்வி நியாயமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில் புரொப்பெல்லரோடு இது வேறு. போகோ 1955க்குப் பிறகு பறக்கவில்லை. ஆனால் விமான வரலாறுகள் இதை 'விமானிகளுக்குக் கடினமாக இருந்தது' என்று எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. காகிதத்தில் கோடு போட்டவர்கள் எஞ்சினையும் இறக்கையையும் கணக்கில் எடுத்தார்கள். மனிதக் கழுத்தை மட்டும் கடைசியில் வந்து சேரும் உதிரிப் பாகமாக எண்ணினார்கள். தவறு கழுத்தின் மேல் எழுதப்பட்டிருக்கிறது.

கோல்மனுக்குப் பிறகும் யாரும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ரயன் எக்ஸ்-13, 1957ல், ஜெட் எஞ்சினோடு, நிமிர்த்தி வைத்த டிரெய்லரில் கொக்கி மாட்டி வௌவால் போலத் தொங்கியது. விமானிக்குக் கொக்கி தெரியாது. தூரத்தைக் கணிக்க, அளவுக்கோடுகள் போட்ட ஒரு கம்பை நீட்டி வைத்தார்கள்!

பிரான்சில் 'கொலியோப்தேர்' என்ற வண்டின் பெயரோடு வந்த விமானத்துக்கு இறக்கை ஒரு வளையம். உடலைச் சுற்றிப் பீப்பாய் போல. படத்தில் பார்க்க இதைவிட அழகான யந்திரம் இல்லை. 1959 ஜூலை 25ல் நிமிர்ந்த நிலையிலிருந்து படுக்க முயன்றபோது கட்டுப்பாடு போயிற்று. ஓட்டிய மொரேல் ஆசனத்தோடு வெளியே எறியப்பட்டுப் பலத்த காயங்களோடு பிழைத்தார். செய்திருந்தது அந்த ஒன்றுதான்.

1969ல் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்த ஹாரியரில் விமானத்தை நிமிர்த்தவில்லை. எஞ்சினின் வாய்களைத் தரைப்பக்கம் திருப்பினார்கள். விமானி நேராக உட்கார்ந்து, முன்னால் பார்த்தபடி இறங்கினான்.