கடல் தந்த அம்பரும் மாணவர் கேட்ட கேள்வியும்

 

கோவளத்தில் வாழும் நமக்குக் கடல் அன்றாடக் காட்சி. எனினும் திமிங்கிலத்தை நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டதில்லை. அரையாண்டு விடுமுறையில் இலங்கையின் மிரிஸ்ஸவுக்குச் சென்று, படகேறித் திமிங்கிலம் பார்த்து வந்த மாணவர் ஒருவர் மதரஸாவில் நம்மிடம் வினவினார்: "ஹஜ்ரத், ஹதீஸில் வருவதும் இதுதானா?"

அவர் குறிப்பிட்டது ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸாகும். அது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களின் தலைமையில் 300 பேர் கடற்கரை நோக்கி அனுப்பப்பட்டனர். உணவு குறைந்து, நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றாகி, இறுதியில் இலைகளை உண்ணும் நிலை வந்தது. அப்போது 'அம்பர்' எனும் பெரும் மீனைக் கடல் கரையில் ஒதுக்கியது. 'இது செத்தது அல்லவா?' என்று அபூ உபைதா (ரலி) முதலில் தயங்கினார்கள். பின்னர் நிர்ப்பந்தத்தைக் கருதி உண்ண அனுமதித்தார்கள். மதீனா திரும்பியதும், அது அல்லாஹ் வழங்கிய உணவு என்று நபி (ஸல்) அவர்கள் கூறி, எஞ்சிய இறைச்சியைக் கேட்டு உண்டார்கள்.

அந்த அம்பரை ஸ்பெர்ம் வகைத் திமிங்கிலம் என்று அறிஞர் பலர் கருதுவர். அதன் குடலில் உருவாகும் நறுமணப் பொருளுக்கும் அம்பர் என்றே பெயர். மிரிஸ்ஸவில் மிகுதியாகத் தென்படுவதோ, 30 மீட்டர் வரை வளரக்கூடிய நீலத் திமிங்கிலம்.

கி.பி. 851இல் எழுதப்பட்ட அரபுப் பயண நூலொன்று, திமிங்கிலம் கப்பலைக் கவிழ்த்துவிடும் என்றஞ்சிய மாலுமிகள் இரவில் மரக்கட்டைகளைத் தட்டி ஒலியெழுப்பியதைக் குறிப்பிடுகிறது. அன்று மனிதன் திமிங்கிலத்தைக் கண்டு அஞ்சினான். பிற்காலத்தில் எண்ணெய்க்காக அதனைக் கொன்று குவித்தான். 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. எனினும் ஆபத்து நீங்கவில்லை. இலங்கையின் தென்கடல் வழியே செல்லும் பெருங்கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் மடிகின்றன. காண வரும் படகுகளும் சுற்றி வளைத்து அவற்றை வதைக்கக் கூடாது என்பதற்காகவே, 100 மீட்டருக்குள் நெருங்கலாகாது என அந்நாடு விதி வகுத்துள்ளது.

நம் கரைக்கும் இதில் பாடமுண்டு. கரையொதுங்கும் அம்பர் கட்டிக்குக் கள்ளச் சந்தையில் பெரும் விலை என்ற பேச்சை நம் பிள்ளைகளும் கேட்கின்றனர். இந்தியாவில் அதனை வைத்திருப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம். பசியால் வாடியபோதும், 'இது நமக்கு ஆகுமா?' என்று முதலில் தயங்கியவர்கள் ஸஹாபாக்கள். வயிறு நிறைந்திருக்கும் நாம் தயங்காமல் கைநீட்டலாமா? கண்டால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே அமானிதம் பேணுவதாகும்.

கடலின் அத்தாட்சிகளைக் கண்டு படிப்பினை பெறும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.